இளைப்பாறுதலும் உழைப்பும்

'இளைப்பாறுதல்' என்னுஞ் சொல் நம் நாட்டுத் தமிழர் வழக்கிலே நெடுங்காலமாக வழங்கிவருவதொன்று. உத்தியோகத்தினின்றும் வயது காரணமாக விலகியவரை 'இளைப்பாறிய அதிபர்', 'இளைப்பாறிய தபாலதிபர்' என்று குறிப்பிடுதல் நமக்கு இயல்பு. தமிழ்நாட்டார் 'ஓய்வு' என்கின்றனர். அரசாங்க ஏடுகளும் இப்போது 'ஓய்வூதியம்' என்றே எழுதுகின்றன. இரண்டும் நல்ல தமிழேயெனினும், அவற்றின் பொருளில் நுண்ணிய வேறுபாடு உண்டு. ஓய்தல் என்பது நின்றுபோதல். இளைப்பாறுதல் என்பதோ இளைப்பு ஆறுதல். வழிநடந்து களைத்தவன் மரநிழலிற் சிறிது தங்குகின்றான்; களைப்புத் தீர்ந்தவுடன் மீண்டும் நடக்கின்றான். எனவே, ஆறுவது இளைப்பேயன்றி உழைப்பன்று என்பதைச் சொல்லே நமக்குக் காட்டி நிற்கின்றது.

நம் கல்லூரியின் முன்னைய வகுப்புக்களிற் பயின்ற பழைய மாணவர் பலர் இன்று அறுபதை அணுகியும் கடந்தும் உள்ளனர். அவர்களுட் சிலர், "இனி என் செய்வது?" என்று வினவுகின்றனர். சிலர், வேலையை விட்டு விலகும் நாளுக்கு முன்னரே அடுத்த வேலையைத் தேடி வைத்திருக்கின்றனர். வேறு சிலர் வீட்டில் அமர்ந்து ஆறு திங்கள் கழிவதற்குள் சலிப்புற்றுச் சோர்கின்றனர். ஆகவே, இளைப்பாறும் வயது எங்ஙனம் தோன்றியது, நம் நாட்டுச் சட்டம் யாது கூறுகின்றது, முதியோர் தொடர்ந்து உழைப்பது இளையோர்க்கு இடையூறாகுமா, உழைக்க விரும்புவார் எங்ஙனம் ஆயத்தஞ் செய்தல் வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையிற் சுருக்கமாக ஆராய்வோம்.

வயதெல்லை வந்த வரலாறு

குறித்த ஒரு வயதிலே வேலையை விட்டுவிடல் வேண்டும் என்ற கட்டுப்பாடு மனித வரலாற்றில் மிகப் பழையதன்று. உழவனும் மீனவனும் கம்மியனும் உடலில் வலுவுள்ளவரை உழைத்தனர்; வலுவிழந்தபின் மக்கள் கையை நோக்கினர். அரசாங்க உத்தியோகத்தரின் நிலையும் பெரிதும் வேறுபட்டிருக்கவில்லை. நம் கற்பிட்டியிலே 1807 ஆம் ஆண்டு பிறந்து, 'தமிழ் புளூற்றாக்' என்னும் புலவர் வரலாற்று நூலை 1859 இல் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி அவர்கள், சிலாபத்திலே மாவட்ட நீதிபதியாக விளங்கி 1860 இல் தம் 53 ஆம் வயதிற் காலமானார். அக்காலத்திற் பலர்க்கு இளைப்பாறும் வயது வருமுன்னரே வாழ்நாள் முடிந்துவிட்டது.

தொழிலாளர்க்கு முதுமைக்கால உதவிப்பணம் வழங்கும் முறையை ஒரு நாடு முழுவதற்கும் சட்டமாக்கியவர் சேர்மனியின் முதலமைச்சராயிருந்த பிஸ்மாக் ஆவர். 1889 இல் நிறைவேறிய அச்சட்டம் குறித்த வயது 70. அது 65 ஆகக் குறைக்கப்பட்டது 1916 இலேதான். பிரித்தானியாவில் 1908 இல் வந்த முதியோர் உதவிப்பணச் சட்டமும் 70 வயதையே எல்லையாகக் கொண்டது. அந்நாட்களில் எழுபதைக் காண்போர் சிலரேயாதலின், அரசுகளின் பொறைச் சுமையும் சிறிதாகவே இருந்தது.

இன்றைய நிலை அதற்கு நேர்மாறானது. 1946 ஆம் ஆண்டளவில் இலங்கையரின் சராசரி வாழ்நாள் ஏறத்தாழ 43 ஆண்டே. மலேரியா ஒழிப்பும், இலவச வைத்தியமும், தாய்சேய் நலச் சேவையும், கல்வியும் சேர்ந்து அதனை 75 க்கு மேல் உயர்த்தியுள்ளன. மலேரியாவால் ஒருகாலத்தில் நலிந்த வரண்ட வலயத்தைச் சேர்ந்த நம் புத்தளப் பகுதியார் இம்மாற்றத்தின் அருமையை நன்கறிவர். அறுபது வயதினரும் அதற்கு மேற்பட்டோரும் 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நாட்டு மக்களில் நூற்றுக்கு 6.6 வீதத்தினராயிருந்தனர், 2012 இல் அவர்கள் 12.4 வீதத்தினர். முப்பதே ஆண்டுகளில் முதியோர் விகிதம் ஏறக்குறைய இருமடங்காயிற்று. அறுபதில் வேலையை விடுபவர் இன்னும் இருபது ஆண்டுகள் வாழ்வதற்கு ஆயத்தமாதல் வேண்டும். இந்த இருபது ஆண்டுகளை எங்ஙனம் கழிப்பது என்பதே நம்முன் உள்ள வினா.

நம் நாட்டுச் சட்டங்கள்

அரசாங்க சேவையில் உள்ளோர் 55 வயதில் விரும்பினால் விலகலாம், 60 வயதிற் கட்டாயமாக விலகல் வேண்டும் என்பதே நீண்டகாலம் நிலவிய முறை. 2021 நவம்பரிற் சமர்ப்பிக்கப்பெற்ற வரவு செலவுத் திட்டம் கட்டாய வயதை 65 ஆக உயர்த்தியது. அம்முறை ஓராண்டுதானும் நிலைக்கவில்லை. பொருளாதார நெருக்கடியின் நடுவே, 2022 ஓகஸ்ட் 30 ஆம் நாள் சமர்ப்பிக்கப்பட்ட இடைக்கால வரவு செலவுத் திட்டம் அவ்வயதை மீண்டும் 60 ஆக்கிற்று. அறுபதைக் கடந்து சேவையிலிருந்தோர் யாவரும் 2022 டிசெம்பர் 31 ஆம் நாளுடன் விலகவேண்டியவராயினர். இன்னும் நான்கைந்து ஆண்டுகள் சம்பளம் வரும் என்றெண்ணி மகளின் திருமணத்துக்கும் வீட்டுக்கும் கடன்பட்டவர்கள், நான்கு திங்கள் அவகாசத்தில் தம் கணக்கை மாற்றி எழுத நேர்ந்தது.

அந்நாளில் நிகழ்ந்த மற்றொன்றும் கருதத்தக்கது. பல்லாயிரவர் ஒரே நாளில் விலகவே, சில திணைக்களங்கள் திகைத்தன. 2023 சனவரித் தொடக்கத்திற் புகையிரதச் சேவைகள் சில ஆளில்லாமையால் நிறுத்தப்பட்டன. நெடுநாட் பயிற்சியால் வந்த திறமையை ஒரே இரவில் மற்றொருவர் கையிற் கொடுத்தல் இயலாது என்பதற்கு இது சான்று.

தனியார் துறையின் நிலை வேறு. அங்கே பல்லாண்டு காலம் இளைப்பாறும் வயதைச் சட்டம் வரையறுக்கவில்லை. பெரும்பாலும் 55 வயதில் வேலை முடிந்தது. 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கத் தொழிலாளர் ஆகக்குறைந்த ஓய்வுபெறும் வயதுச் சட்டம், அவ்வயதை 60 ஆக நிலைநாட்டியது. ஏற்கெனவே ஐம்பதைச் சில ஆண்டு கடந்திருந்தோர்க்கு 57, 58, 59 எனப் படிப்படியான வயதுகள் வகுக்கப்பட்டன. ஆதலால், குறிக்கப்பட்ட வயதுக்கு முன் முதுமையைக் காரணங்காட்டித் தொழிலாளியை விலக்குதல் இப்போது சட்டத்துக்கு மாறானது.

விலகுவோர் பெறும் பணத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். நிரந்தர அரசாங்க சேவையிலிருந்து உரிய காலம் பணியாற்றி விலகுபவர் மாதந்தோறும் ஓய்வூதியம் பெறுவர். தனியார் துறையினர்க்கு மாதாந்த ஊதியம் இல்லை. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதியில், சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதம் தொழிலாளியும் 12 வீதம் முதலாளியும் இடுகின்றனர். 1980 இல் தோன்றிய ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம் செலுத்துகின்றார். சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் மீளப்பெறலாம். பெறலாம் என்பதே சட்டம். பெற்றே தீர வேண்டும் என்பதன்று. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரை வைத்திருக்கும் முதலாளி, ஐந்தாண்டு நிறைவுற்ற மாதச் சம்பளத் தொழிலாளிக்கு ஓராண்டுக்கு அரைமாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை அளித்தல் வேண்டும். ஈற்றிலே மாதம் 60,000 ரூபா பெற்று 30 ஆண்டு உழைத்தவர்க்கு இது 9 இலட்சம் ரூபாவாகும்.

பணம் எத்தனை நாளைக்கு?

மொத்தமாகக் கையில் வரும் பணம் பெரிதாகத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தாலன்றி அதன் சிறுமை விளங்காது. ஒருவர்க்குச் சேமலாப நிதியும் பணிக்கொடையும் சேர்ந்து 20 இலட்சம் ரூபா கிடைத்ததெனக் கொள்வோம். அவர் குடும்பச் செலவு மாதம் 40,000 ரூபா. பணத்தை வீட்டில் வைத்து எடுத்துச் செலவிடின் அது 50 மாதங்களில், அஃதாவது நான்கு ஆண்டும் இரண்டு மாதமும் கழிந்தவுடன் முடிந்துவிடும். வங்கியில் இட்டு ஆண்டுக்கு நூற்றுக்கு 8 வீத வட்டி பெறின், மாதம் ஏறத்தாழ 13,300 ரூபாவே வரும். மீதி 26,700 ரூபாவுக்கு அவர் வேறு வழி தேடல் வேண்டும். அன்றேல் முதலைத் தின்னல் வேண்டும்.

இதனோடு விலைவாசி உயர்வையும் சேர்த்தெண்ணுக. 2022 செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட நூற்றுக்கு ஏறக்குறைய 70 வீதம் உயர்ந்திருந்தது. முன்னர் 100 ரூபாவுக்கு வாங்கிய பொருளுக்கு 170 ரூபா கொடுக்க நேர்ந்தது. உழைப்பவன் கூலியை உயர்த்திக் கேட்கலாம்; வணிகன் விலையை உயர்த்தலாம்; உபகாரச் சம்பளத்தை மட்டும் நம்பியிருந்தவர் யாரிடங் கேட்பர்? முதியோர் பலர் மீண்டும் வேலை தேடிப் புறப்பட்டமைக்கு இதுவே முதற் காரணம். அவர்களைப் பேராசைக்காரர் எனப் பழித்தல் தகாது.

இரண்டாவது காரணம் குடும்ப நிலை. இக்காலத்திற் பிள்ளைகள் பலர் காலந்தாழ்த்தி மணஞ்செய்கின்றனர். பல்கலைக்கழகக் கல்வியும் நீள்கின்றது. தந்தை அறுபதை எய்தும்போது கடைசி மகன் இன்னும் கற்றுக்கொண்டிருக்கின்றான். மூன்றாவது காரணம் உள்ளத்தைப் பற்றியது. முப்பத்தைந்து ஆண்டு காலையில் எழுந்து ஒரு கடமைக்குப் புறப்பட்டவர்க்குப் புறப்பட இடமில்லாத காலைப்பொழுது பெருஞ்சுமை. அவரை 'ஐயா' என்றழைத்து அலுவல் கேட்டு வந்தோர் வருவதில்லை. பயனற்றவர் ஆகிவிட்டோமோ என்னும் ஐயம் அரும்புகின்றது. பணத்தேவை சிறிதுமில்லாதவரும் வேலையை நாடுதற்கு இதுவே ஏது.

இளைப்பாறாத நம் கரையோரம்

மேற்கூறியன யாவும் உத்தியோகத்தரையும் மாதச் சம்பளத்தாரையும் பற்றியன. நம் புத்தளக் கரையோரத்திற் பெரும்பாலார்க்கு இளைப்பாறும் வயது என ஒன்று என்றுமே இருந்ததில்லை. உடப்பிலே கரைவலை இழுப்போரைப் பாருங்கள். இளைஞர் 'அம்பா' பாடி வடம் பிடித்திழுக்க, அறுபதைக் கடந்தவரும் உடன் நிற்பர். கை தளர்ந்தபின் அவர் வலை பொத்துவார். கடலின் நிறத்தையும் நீரோட்டத்தையும் பார்த்து வலை வளைக்கும் நேரத்தைச் சொல்லுவார். பாலாவி உப்பளங்களில் முதியோர் வெயிலிற் குனிந்து உப்பு வாருகின்றனர். கற்பிட்டி மணல்நிலத்திலே வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நீர் இறைப்போர் வயதைக் கேட்டால் வியப்புண்டாகும். தென்னந்தோட்டங்களிலே கிடுகு பின்னும் மூதாட்டியர்க்கு இளைப்பாறும் நாள் எது?

அரசாங்கம் இவர்களை முற்றாக மறந்துவிடவில்லை. விவசாயிகளுக்கு 1987 இலும், மீனவர்களுக்கு 1990 இலும் ஓய்வூதியத் திட்டங்கள் சட்டமாயின. ஏனைய சுயதொழிலாளர்க்கென 1996 இற் சமூகப் பாதுகாப்புச் சபைச் சட்டம் வந்தது. உறுப்பினர் தாமே தவணைப்பணம் செலுத்தி, அறுபதின் பின்னர் சிறிய மாதாந்த ஊதியம் பெறுதலே இவற்றின் அமைப்பு. ஆயினும் விவசாயிகள் திட்டம் நிதி முடைப்பட்டு இடையில் நின்று, 2014 இலே மீண்டும் தொடங்கிய வரலாறும் உண்டு. மேலும், பருவத்துக்குப் பருவம் வருமானம் மாறும் மீனவன் தவணை தவறாது செலுத்துதல் எளிதன்று.

ஆகவே 'இளைப்பாறியபின் உழைத்தல்' என்பது இருவகையினதாகும். ஒன்று விரும்பி உழைத்தல். மற்றது வேறு வழியின்றி உழைத்தல். முன்னையது பாராட்டத்தக்கது. பின்னையது இரங்கத்தக்கது. வாய்க்காலில் உப்பு அள்ளும் எழுபது வயதினரைக் காட்டி, "முதியோர் எவ்வளவு ஊக்கமாக உழைக்கின்றனர்!" என்று மகிழ்வது அறியாமை. அவர் விரும்பினால் நிறுத்தலாம் என்ற நிலை இருத்தல் வேண்டும். நிறுத்த முடிந்தவன் உழைக்கும்போதுதான் அவ்வுழைப்பு அவனுக்குப் பெருமை தரும்.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுதல் வேண்டும். ஆசிரியைகளும் தாதியரும் அலுவலகப் பெண்களும் உத்தியோகத்தினின்று விலகியவுடன் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பை ஏற்கின்றனர். தாய்மார் வெளிநாடு சென்று உழைக்கும் இல்லங்களிலே பாட்டியரே தாயாகின்றனர். இதற்குச் சம்பளமில்லை, இளைப்பாறும் வயதுமில்லை. ஊரவர் இதனை வேலை என எண்ணுவதுமில்லை. அவர்கள் வேறு தொழிலை நாடினால், அவர்தம் விருப்பத்தையும் குடும்பத்தார் கேட்டறிதல் முறையாகும்.

இளையோர்க்கு இடையூறா?

இங்ஙனம் முதியோர் உழைப்பதைப் பலர் எதிர்க்கின்றனர். "பட்டம் பெற்ற இளைஞர் வேலையின்றித் தெருவில் நிற்க, உபகாரச் சம்பளம் வாங்குவோர் மறுபடியும் நாற்காலியில் அமர்வதா?" என்பது அவர்தம் வாதம். அது கோபத்திற் பிறந்த வெறும் பேச்சன்று; நிதானமாக ஆராயத்தக்கது.

ஒரு நாட்டிலுள்ள மொத்த வேலை மாறாத அளவினது என்று கொண்டால், முதியவர் ஒருவர் விலகினாலன்றி இளையவர்க்கு இடமில்லை. ஆனால் நாட்டின் வேலை ஒரு பானைச் சோறு போன்றதன்று. உழைப்பவர் பணம் பெறுகின்றார், அப்பணத்தைச் செலவிடுகின்றார், அச்செலவு மற்றொருவர்க்கு வேலையாகின்றது. பிரான்சு நாடு 1983 இல் இளைப்பாறும் வயதை 65 இலிருந்து 60 ஆகக் குறைத்தது. இளைஞர்க்கு வேலை பெருகும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. எனினும் அதன்பின்னரும் அங்கே இளைஞர் வேலையின்மை தீரவில்லை.

ஆயினும், இவ்விடை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. அரசாங்க அலுவலகத்திலும் பாடசாலையிலும் பதவிகளின் எண்ணிக்கை முன்னரே வரையறுக்கப்பட்டது. ஓர் ஆசிரியர் பதவியை ஒருவரே வகிக்கலாம். அங்கே முதியவர் விலகாது நின்றால் இளையவர் வெளியே நிற்பது உறுதி. தொண்டர் ஆசிரியராகச் சொற்பப் பணத்துக்கோ பணமின்றியோ கற்பித்துக்கொண்டு நியமனத்தை எதிர்நோக்கும் இளைஞர்முன், இளைப்பாறியவர் அதே இடத்துக்கு மீண்டும் வருதல் நியாயமன்று.

இவ்விரண்டையும் சேர்த்து நோக்கின் வழி தெளிவாகின்றது. நாற்காலி வேறு, வேலை வேறு. முதியோர் நாற்காலியை இளையோர்க்கு விட்டுக் கொடுத்தல் வேண்டும். நாற்காலியில்லாத வேலைகளைத் தாம் மேற்கொள்ளுதல் வேண்டும். அத்தகைய வேலைகள் நம் மாவட்டத்தில் எண்ணில. கணக்கு வைக்கத் தெரியாத சிறு வணிகர் உளர். சட்டப்படி தமக்குரிய பணத்தைக் கோர விண்ணப்பம் எழுத அறியாத தொழிலாளர் உளர். வாசிப்பிற் பின்தங்கிய பிள்ளைகளுக்கு மாலைவேளையிற் பொறுமையுடன் சொல்லிக்கொடுப்பார் இல்லை. இயந்திரத்தை முப்பது ஆண்டு பழகிய கையொன்று அருகில் நின்று காட்டினால், இளந்தொழிலாளி மூன்றாண்டிற் கற்பதை ஓராண்டிற் கற்பான். இவற்றை முதியோர் செய்தால் எந்த இளைஞனும் இடமிழக்கமாட்டான்.

முன்னோர் காட்டிய வழி

தமிழர் வரலாற்றிலே உத்தியோகத்தினின்று விலகியபின் பெருந்தொண்டு ஆற்றியோர் பலர். அவர்தம் செயல் நம் கூற்றுக்கு வலியூட்டும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் சென்னை அரசாங்கத்திலே கணக்கு உத்தியோகம் வகித்து விலகியபின், 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தார். சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் 1913 இற் சிவில் சேவையினின்று இளைப்பாறினார்; 1919 இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதற் தலைவரானார். அவர்தம் தமையனார் இராமநாதன் அவர்கள் சொலிசிற்றர் ஜெனரல் பதவியினின்று விலகியபின்னரே, 1911 இற் சட்டசபைக்குத் தெரிவாகி, 1913 இல் மகளிர் கல்லூரியையும் 1921 இற் பரமேசுவரக் கல்லூரியையும் தோற்றுவித்தார்.

இவர்கள் யாவரினும் நம்மனோர்க்கு அண்மையில் நிற்பவர் ஆசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர் அவர்கள். 1855 இற் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியினின்று 1919 இல் விலகினார். பின்னர் 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராயிருந்தார். குறுந்தொகையை உரையுடன் அவர் வெளியிட்டது 1937 இல். அப்போது அவர்க்கு வயது 82. தம் வரலாற்றை எழுதத் தொடங்கியது 1940 இல். 1942 இல் மறையும்வரை எழுதினார். இப்பெரியோர் எவரும் பழைய பதவியைப் பற்றிக்கொண்டு நின்றாரல்லர் என்பதை ஊன்றி நோக்குக. அதனை விட்டுவந்து, தம் அறிவுக்கேற்ற புதுப்பணியை ஏற்றனர்.

பிற நாடுகளின் ஏற்பாடு

முதியோர் மிகுந்த சப்பான் நாட்டிலே, விரும்புவோர்க்கு 65 வயதுவரை வேலைக்கு வழி செய்யுமாறு நிறுவனங்களைப் பணிக்கும் சட்டம் 2006 இல் நடைமுறைக்கு வந்து, படிப்படியாக நிறைவேறியது. 70 வயதுவரை அவ்வாறு முயலுமாறு 2021 இல் மேலும் ஒரு கடப்பாடு விதிக்கப்பட்டது. இதனினும் நமக்குப் பயன்படுவது அங்குள்ள 'வெள்ளி மனிதவள நிலையம்' என்னும் ஏற்பாடு. 1975 இற் தோக்கியோ நகரிலே தொடங்கிய இவ்வமைப்பு, ஊர்தோறும் முதியோரை உறுப்பினராகச் சேர்த்து, மரங்கத்தரித்தல், துப்புரவு, எழுத்துவேலை போன்ற சிறுசிறு பணிகளை வாரத்திற் சில மணிநேரத்துக்குப் பெற்றுக் கொடுக்கின்றது. முழுநேர வேலையும் முழு ஓய்வும் ஆகிய இரண்டுக்கும் இடைப்பட்ட வழி இது.

தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் 2012 முதல் மீள்வேலைச் சட்டம் உண்டு. 2022 இல் அங்கே ஓய்வு வயது 63 ஆகவும், தகுதியுடையோர்க்கு மீண்டும் வேலை வழங்க முன்வரவேண்டிய வயது 68 ஆகவும் ஆக்கப்பட்டன. மீள்வேலையில் வேலைநேரமும் பொறுப்பும் சம்பளமும் மாறலாம். ஆளை அறவே கைவிடுதல் ஆகாது என்பதே அதன் கருத்து. தமிழ்நாட்டு அரசு தன் ஊழியரின் வயதெல்லையை 2020 இல் 58 இலிருந்து 59 ஆகவும், 2021 இல் 60 ஆகவும் உயர்த்தியது.

ஆயத்தஞ் செய்தல்

இனி, இளைப்பாறியபின்னும் உழைக்க எண்ணுவோர் செய்யத்தக்கனவற்றைக் கூறுவோம். இவ்வாயத்தம் ஐந்தாண்டுக்கு முன்னரே தொடங்கல் நன்று.

முதலாவது, ஏடுகளைச் சீர்செய்தல். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் மற்றொரு பெயரும் இருப்பின், சேமலாப நிதியோ ஓய்வூதியமோ மாதக்கணக்கிற் தாமதமாகும். நம் பகுதியிலே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருத்தல் பெருவழக்கு. சம்பளம் வரும் காலத்திலேயே இதனைத் திருத்துதல் எளிது.

இரண்டாவது, கடனைத் தீர்த்தல். கடனோடு இளைப்பாறுபவர் தாம் விரும்பிய வேலையைத் தேர முடியாது; கிடைத்த வேலையையே பற்றவேண்டியவராவர். மொத்தமாக வரும் பணத்தைக் கேட்டு உறவினரும், அதிக வட்டி தருவதாகச் சொல்லும் புதியவரும் வருவர். அப்பணத்தில் ஒரு சதமேனும் கொடுக்குமுன் ஓராண்டு பொறுத்திருத்தல் அறிவுடைமை.

மூன்றாவது, உடலை அறிதல். இரத்த அழுத்தம், நீரிழிவு, கண்பார்வை ஆகியவற்றைச் சோதித்தறிந்தபின்னரே அடுத்த தொழிலைத் தெரிதல் வேண்டும். அறுபதில் இரவுக்காவல் வேலையை ஏற்போர் பலர். நடுவயதிற் தாங்கிய கண்விழிப்பை முதுமையும் தாங்கும் என நம்புதல் கேடு தரும்.

நான்காவது, கைத்திறனைப் புதுக்குதல். கணினியிற் கடிதம் எழுதவும், தொலைபேசி வழியே வங்கிக் கணக்கைப் பார்க்கவும் கற்றுக்கொள்ளாதவர், எவ்வளவு அனுபவமுடையவராயினும் பின்தள்ளப்படுவர். இதனை மகனிடமோ மாணவனிடமோ கேட்டுக் கற்பதில் நாணுதற்கு இடமில்லை.

ஐந்தாவது, உடன்பாட்டை எழுத்திற் பெறுதல். "பெரியவர்தானே, ஏதோ பொழுதுபோக்குக்கு வருகின்றார்" என்றெண்ணி முதியவர்க்குக் குறைந்த கூலி கொடுத்து நீண்டநேரம் வேலைவாங்கும் வழக்கம் உண்டு. வேலைநேரம், சம்பளம், விடுமுறை, விபத்து நேரின் யார் பொறுப்பு என்பன எழுதப்படல் வேண்டும். சேமலாப நிதிக்குப் பணம் செலுத்தப்படுமா என்பதையும் கேட்டு உறுதிப்படுத்திக் கொள்ளல் வேண்டும். தம் உழைப்பை மலிவாக விற்கும் முதியவர் தமக்கு மட்டுமன்றி, அதே வேலைக்கு நியாயமான கூலி கேட்கும் இளைஞனுக்கும் தீங்கு செய்கின்றார்.

ஆறாவது, மனைவியோடும் மக்களோடும் கலந்து பேசுதல். ஒருவர் உழைப்பதால் வீட்டில் யார் சுமை கூடும், யார் சுமை குறையும் என்பதை அவர் தனியாக அறிதல் அரிது.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம்

இறுதியாக, நம் பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒன்று கூற விரும்புகின்றேன். விழா எடுப்பதும் மலர் வெளியிடுவதும் வேண்டியனவே. அவற்றோடு ஒரு பெயர்ப்பதிவேட்டையும் சங்கம் தொடங்குமாக. இளைப்பாறிய பழைய மாணவர் இன்னார். அவர் வல்ல துறை இது. வாரத்தில் இத்தனை மணிநேரம் அவர் உதவக்கூடும். ஊதியம் வேண்டுபவரா, வேண்டாதவரா என்பன அதிற் குறிக்கப்படட்டும். எமது பகுதி வணிகர்க்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பாடசாலைகளுக்கும் அது பயன்படும். திங்கள்தோறும் ஒரு நாள், கல்லூரி மண்டபத்தின் ஒரு மூலையிலே மேசையொன்று இட்டு, ஓய்வூதியத் திணைக்களத்திலும் தொழிற் திணைக்களத்திலும் பணியாற்றி அனுபவமுடையோர் அமர்ந்து, உப்பளத் தொழிலாளர்க்கும் மீனவர்க்கும் விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கட்டும். இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. ஒரு மேசையும் சில பேனாக்களும், வருவேன் என்ற சொல்லைக் காக்கும் நாலு பேருமே வேண்டும்.

எழுத்தறிவைக் கொடுத்தது கல்லூரி. அவ்வெழுத்தறிவால் நாம் உத்தியோகம் பெற்றோம். உத்தியோகத்தால் இளைப்பாற்றுச் சம்பளமும் பெறுகின்றோம், அல்லது பெறப்போகின்றோம். நம்மோடு ஒரே வாங்கிலிருந்து கற்று, ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கடலுக்கும் உப்பளத்துக்கும் சென்ற தோழர்க்கு அவை கிட்டவில்லை. அவர்கள் இன்னும் உழைத்துக்கொண்டே இருக்கின்றனர். இளைப்பாறியவருடைய உழைப்பில் ஒரு பங்கு, அத்தோழர் இளைப்பாறும் நாளை அணிமைப்படுத்தப் பயன்படுமாயின், அதுவே நாம் கற்ற கல்விக்குரிய கைம்மாறாகும். சங்கத்தார் ஆவன செய்வாராக.